லைல் பாதிரியாரின் பென்சில் குறிகள்

ஹேசல்கோட்டில் 1561 முதல் யார் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று யாராவது கேட்டால் என்னிடம்தான் அனுப்புவார்கள். என் பெயர் எட்கர் டில்லிங். முப்பது வருஷம் பால் லாரி ஓட்டினேன். அதற்கப்புறம் எங்கள் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வார்டன். கோபக்காரன் என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை.

பழைய பதிவேடுகள் அத்தனையையும் உட்கார்ந்து தட்டச்சு செய்தவன் நான். ஆறு வருஷம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பச்சைத் துணி அட்டை போட்டுப் பின்வரிசை பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். முன்னோர்களைத் தேடி ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் வந்து அதைப் புரட்டுவார்கள். எல்லோருக்கும் மாளிகைக்காரன்தான் பாட்டனாக இருக்க வேண்டும். நான் ஒரு மாட்டுக்காரனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் முகம் தொங்கிப் போகும். எனக்கென்ன, புத்தகத்தில் இருப்பதைத்தானே சொல்ல முடியும்.

முன்னுரையில் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தேன். இந்தப் பிரதி முழுமையானது என்று ஒன்று. மூலத்தில் பிற்காலத்தார் இட்ட கிறுக்கல்கள் நீக்கப்பட்டுள்ளன என்று இன்னொன்று. அந்த இரண்டாவது வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மூலப் பதிவேடுகளை நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, அழுக்கோடு அனுப்ப மனசு வரவில்லை. ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உதிர்த்துத் தாளின் மேல் தேய்த்து, போகாத இடத்தில் ரப்பர் போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து துடைத்து அனுப்பினேன். அது ஐந்து வருஷத்துக்கு முந்திய கதை.

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மிசஸ் ரட்ஜ் வந்தார். ஆலிவ் ரட்ஜ். அறுபத்தாறு வயது. கவுன்சில் வாடகைக்கு விட்ட வீட்டு வரிசையில் கடைசி வீடு. அவரிடம்தான் ஊரில் பாதிப் பேர் முட்டை வாங்குவோம். கணவர் டெனிஸ் நவம்பரில் இறந்துபோனார். மகள் நியூசிலாந்தில். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அந்தச் சனிக்கிழமை, கூட்டிப்போக வந்திருக்கிற மகளோடு போய்விடப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். திரும்பி வருகிற வயதில்லை என்பதும் தெரியும்.

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் பச்சை அட்டைப் புத்தகத்துக்குப் போனார். 1947 பிப்ரவரிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“என் பையன் இதுல இருக்கானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, மிஸ்டர் டில்லிங்.”

அவருக்கு ஒரு மகள்தான் என்று நினைத்திருந்தேன். என்ன பெயர் என்று கேட்டேன். பெயர் இல்லை என்றார். ஒன்பதாம் தேதி வீட்டில் பிறந்தானாம், பிறக்கும்போதே உயிர் இல்லையாம். மருத்துவச்சி முகத்தைக் காட்டாமலே துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்விட்டாளாம்.

இங்கேதான் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அந்தக் காலத்தில் அடக்க ஆராதனை கிடையாது, ஆராதனை இல்லையென்றால் பதிவும் கிடையாது. அதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நானோ, “புத்தகத்துல இல்லன்னா இந்தக் கல்லறைத் தோட்டத்துல இல்லன்னு அர்த்தம், மிசஸ் ரட்ஜ்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. டெனிஸ் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் வாயைத் திறந்தாராம். குழிவெட்டி ஏமோஸ் டான்டி பின்வாசலுக்கு வந்தான், பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான், பனியில் தேவாலயத்துப் பக்கம் நடந்துபோனான், எதுவும் கேட்கக் கூடாது என்று சொன்னார்கள், நானும் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொன்னாராம்.

“நாப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். அவரும் பேசல, நானும் பேசல” என்றார். “கல்லு வேணாம், பேரு வேணாம். போறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு தெரிஞ்சா போதும் எனக்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏமோஸின் மகள் டில்லியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

டில்லி டான்டி புதன்கிழமைதோறும் தேவாலயத்துப் பித்தளைச் சாமான்களுக்கு மெருகு போட வருவாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. ஊரில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள். மெழுகுவர்த்தித் தண்டை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, உன் நானூறு பக்கத்திலும் கிடைக்காத விஷயம் ஒன்று உண்டா, நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. துணியை மடித்துக் கீழே வைத்தாள்.

“தனியாக் குழி வெட்ட மாட்டாங்க, எட்கர். வெட்டவும் விட மாட்டாங்க. அடுத்தாப்புல யாரு பெட்டி போகுதோ அதுக்குள்ள வச்சிருவாரு எங்கப்பா. கைப்பக்கமா, அணைச்ச மாதிரி.”

செத்தவரின் வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“வீட்டுப் பெரியவர்கிட்டக் கேக்காம அவர் செஞ்சதே இல்ல. ஒருத்தர்கூட மாட்டேன்னு சொன்னதில்லையாம். வெளிய சொல்லக் கூடாதுன்னு மட்டும் பேச்சு.”

எந்தப் பெட்டியில் எந்தக் குழந்தை என்று தன் அப்பா சாகும்வரை சொல்லவில்லை என்றாள். கேட்டால், அதெல்லாம் அப்போதைய பாதிரியார் லைல் ஐயா பதிவேட்டில் போட்டு வைத்திருக்கிறார் என்பாராம். மையில் எழுத அவருக்கு அனுமதி இல்லை, அதனால் அந்தப் பெட்டிக்குரியவரின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி.

“நீதான் அத்தனை பக்கத்தையும் பாத்தவனாச்சே. குறி இருந்திருக்குமே?”

“குறியா? கவனிக்கலயே” என்றேன்.

பொய். அறுபத்தொரு வயதில், பலிபீடத்துக்குப் பத்தடி தூரத்தில், வாய் கூசாமல் பொய். கவனிக்காமல் என்ன? லைல் பாதிரியார் கறாரான மனிதர். ஞாயிறு ஆராதனைக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நாம் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஆண்டறிக்கைக்கு நகல் எடுக்கும்போது சரிபார்த்துப் போட்ட குறிகள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதினோரு குறிகள். பதினொன்றையும் ரப்பர் வைத்து அழித்தவன் நான். கிறுக்கல்கள் நீக்கப்பட்டுள்ளன!

மற்ற பத்துக் குறிகள் எந்தெந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்தன என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. நான் முதலில் அழித்தது அதைத்தான். கான்ஸ்டன்ஸ் டில்லிங், வயது நாற்பத்தாறு, அடக்கம் 1947 பிப்ரவரி பதினான்கு. என் அம்மா. அம்மா பெயருக்குப் பக்கத்தில் கறை மாதிரி ஒன்று இருக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஜனவரிக் கடைசியில் விழுந்த பனி மார்ச் பாதிவரை கரையவில்லை. மண் இரும்பாகிக் கிடந்தது. செத்தவர்களை நகரத்து ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மா நிமோனியாவில் பத்தாம் தேதி இறந்தாள். அவளை அப்படிப் பிணவறையில் விட அப்பா சம்மதிக்கவில்லை. ஏமோஸும் இன்னும் இரண்டு பேரும் தரையில் நிலக்கரி போட்டு எரித்து, கடப்பாரையால் மூன்று நாள் இடித்துக் குழி தோண்டினார்கள். அந்த ஏழு வாரத்தில் ஹேசல்கோட்டில் இறங்கிய பெட்டி அது ஒன்றுதான். அப்புறம் என்ன யோசிக்க இருக்கிறது? ஆலிவ் ரட்ஜின் பையன் எங்கே இருக்கிறான் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் அம்மாவின் கல்லறை விஷயத்தில் நான் எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கென்று இருந்தவள் அம்மா ஒருத்திதான். நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்த ஆறடிப் புல்லை நானே கத்தரியால் வெட்டுகிறேன். ஒருமுறை பூ அலங்காரக் குழுவினர் மிச்சப் பூக்களை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு அங்கே வைத்துவிட்டார்கள். எடுத்துக் கொண்டுபோய் அவர்கள் தலைவியின் வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவன்.

அன்று சாயங்காலம் அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் செத்து இருபது வருஷம். இருந்தும் சமையலறையில் நின்றுகொண்டு அவரைத் திட்டினேன். பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் நானும் ஒருவன், முன்பக்கம், இடது தோள். பனியில் வண்டி ஏறாமல் மேடு முழுக்கத் தோளில்தான் கொண்டுபோனோம். உள்ளே இன்னொருவன் இருக்கிறான் என்று என் காதோரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்கே தெரியும். இருபது வயதில் எனக்கு இதைவிடக் கோபம் அதிகம். மாட்டேன் என்று பெட்டிக்குக் குறுக்கே நின்றிருப்பேன். அதனால்தான் அவர் சொல்லவில்லை.

சும்மா இருந்துவிட்டால் போதும் என்றும் தோன்றியது, மறைப்பானேன். குறி இல்லை. சாட்சி இல்லை. சனிக்கிழமை அந்த அம்மாள் விமானம் ஏறிவிடுவார். என் அம்மா என் அம்மாவாகவே இருப்பாள். ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அவர் நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போவார். அந்த நன்றியை நினைத்தபோதுதான் எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று.

வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்துக் காப்பகத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்வதென்றால், என் நினைவு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். பதிவேட்டைப் பஞ்சு மெத்தை மேல் வைத்துக் கொடுத்தார்கள். பக்கம் பளிச்சென்று இருந்தது. என் கைவேலைதான். புத்தகத்தை ஜன்னல் பக்கம் நகர்த்தி, தாளை மெல்லத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் போனாலும் அழுத்தின தடம் போகவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் அம்மா பெயருக்கு இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. அதைச் சுற்றித் தாள் மற்ற இடத்தைவிட மெலிந்திருந்தது. நான் அழுத்தித் தேய்த்த இடம்.

மேற்பார்வைக்கு இருந்த பெண் பதறி ஓடிவந்து, அப்படியெல்லாம் தாளைத் தூக்கக் கூடாது என்றாள். எதற்காகத் தூக்கினேன் என்று சொன்னேன். அவளும் குனிந்து பார்த்தாள்.

“இத யாரு அழிச்சது?”

“நான்தான்” என்றேன்.

அவள் ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்து மேசையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மதியம்வரை இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பதினொன்றும் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பெயர், தேதி சகிதம் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அழித்தவனும் நானே என்று எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டோடு சேர்த்து வைத்துவிடுவார்களாம். இன்னும் பத்து வீடுகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். சொல்வேன். ஆனால் ஒருவருக்குத்தான் சனிக்கிழமை என்று கெடு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மிசஸ் ரட்ஜ் வீட்டுக்குப் போனேன். வீடு காலி. ஒரு நாற்காலியும் இரண்டு பெட்டிகளும் கூடத்தில் கிடந்தன. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மகள் நகரத்துக்கு ஏதோ வேலையாகப் போயிருந்தாள். கோட்டு போட்டுக்கொண்டு என்னோடு வாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்காமல் வந்தார். மேடு ஏறும்போது இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றார். நானும் நின்றேன்.

கல்லறைக்கு முன்னால் நிறுத்தினேன். கல்லில் இருந்த பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். ஏமோஸ் செய்தது, என் அப்பா சம்மதித்தது, லைல் பாதிரியார் குறி போட்டது, நான் அழித்தது, டில்லியிடம் பொய் சொன்னது, ஒரு ராத்திரி முழுக்க இதை மறைத்துவிடலாமா என்று யோசித்தது. கடைசி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி உண்மையை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

அவர் கையுறையைக் கழற்றினார். குனிய முயன்றார், முடியவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்தார். ஈரப் புல். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“கைப்பக்கமா?” என்று கேட்டார்.

“கைப்பக்கமா. அணைச்ச மாதிரின்னு டில்லி சொன்னா.”

“எந்தக் கை?”

தெரியாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது என்று சொல்லி மாளாது. ஊரின் நானூறு வருஷத்தையும் தட்டச்சு செய்தவனுக்கு அது தெரியவில்லை.

பரவாயில்லை என்று தலையை ஆட்டினார். என்னைப் பார்க்காமல், புல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்கம்மாவுக்குக் குழந்தைங்கன்னா பிடிக்குமா, எட்கர்?”

மிஸ்டர் டில்லிங் என்றுதான் அந்த நாள்வரை கூப்பிட்டு வந்தார். அம்மாவைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டே எத்தனையோ வருஷமாயிற்று. உள்ளதைச் சொன்னேன்.

“ரொம்பப் பிடிக்கும். என்ன, சத்தம் போட்டா மட்டும் பிடிக்காது. என்னைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க.”

“இவன் சத்தமே போடலையே” என்றார் ஆலிவ்.

அழுகை எனக்குத்தான் முதலில் வந்தது. அம்மா சவ அடக்கத்தன்று, ஊர் பார்க்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்கு வராதது இப்போது வந்தது. ஆலிவ் என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் எட்டியது அவருக்கு. இன்னொரு கையைப் புல்லிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு, கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டுமா என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் அந்த இடத்தை நான் யாரிடமும் விட்டுவிட்டுப் போனதில்லை. வெளிக்கதவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன். உள்ளே அவர் பேசுவது கேட்டது. என்ன பேசினார் என்று நான் காது கொடுக்கவில்லை. அது அவர்கள் மூன்று பேர் விஷயம்.